பதினோரு ஆலைகளுக்கு ஒரு வேலி

உங்கள் ஜீப் வந்து நின்ற சத்தத்தில் என் கோழிகள் நான்கும் மதில் தாண்டிப் பறந்துவிட்டன. மூன்று திரும்பி வந்தாயிற்று. நான்காவது முட்டையிடும் கோழி; பசித்தால் வந்துவிடும். நீங்கள் உட்காருங்கள். கூட வந்த போலீஸ்காரரையும் வெயிலில் நிறுத்த வேண்டாம், பலாமரத்தடியில் பெஞ்சு கிடக்கிறது. நான் ஓடமாட்டேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலில் வாதம். மேலும், வரும் நவம்பரில் எல்லைக்கோடு விழப்போகிறது. களியிக்காவிளைக்கு அப்பால் சென்னை ராஜ்யம், இப்பால் கேரளம் என்று பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரு சர்க்கார் இருக்கும்.

கிருபாபாய் உங்கள் தொழிலாளர் இலாகாவுக்குக் கொடுத்த மனுவின் பேரில் வந்திருக்கிறீர்கள். அவளை எனக்குத் தெரியும். நல்ல பெண். இரண்டு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: தன் கணவன் யோசுவா எங்கே வைத்து அடிபட்டான் என்று. தெருவில் என்றால் அவன் தியாகி. ஆலையில் என்றால் அவன் விபத்தில் மாண்ட தொழிலாளி, அவளுக்கும் இரண்டு பெண்குழந்தைகளுக்கும் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. ஊர் அவளுக்கு ஒரு தியாகியைக் கொடுத்துவிட்டது. அவளோ தொழிலாளியைத்தான் திருப்பிக் கேட்கிறாள். சிலருக்குப் பெருமை பிடிப்பதில்லை.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என்னை ஒரு கெட்ட மனிதன் என்று நினைத்துவிடுவீர்கள்.

பெயர் தாணு. முன்பு கிராம வரி வசூலிக்கும் பகுதிக் கச்சேரியில் குமாஸ்தா. நானாகத்தான் வேலையை விட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஃபாக்டரிச் சட்டம் இந்தப் பக்கங்களுக்கு வந்தது. எஞ்சின் வைத்துப் பத்துப் பேரைக் கொண்டு வேலை வாங்கினால் அது ஃபாக்டரி. ஃபாக்டரி என்றால் ஓடுகிற பெல்ட்டைச் சுற்றி இரும்பு வேலி வேண்டும். மருந்துப்பெட்டி வேண்டும். மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் வேண்டும். பெண்கள் அதிகம் வேலை செய்யும் இடமென்றால் பிள்ளைகளுக்குத் தொட்டில் வேண்டும். சட்டத்தின் சுருக்கத்தை வேலைக்காரர்களுக்குத் தெரிந்த பாஷையில் பலகையில் எழுதித் தொங்கவிட வேண்டும். பாறசாலை முதல் பாலராமபுரம் வரை இருந்த சின்ன முதலாளிகளுக்குத் தலை சுற்றிவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு எஞ்சின், ஒரு கொட்டகை, வாசலில் ஒரு பிள்ளையார் அல்லது ஒரு சிலுவை, அவ்வளவுதான் அவர்களுடைய சொத்து.

அவர்களில் முதலில் என்னிடம் வந்தவர் எண்ணெய் மில் சுயம்பு முதலாளி. கொப்பரை ஆட்டும் மில். சட்டத்தின் நகலைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "வேய் தாணு, நான் எண்ணெ ஆட்டட்டா, இல்ல வேலி கெட்டட்டா? நீரே சொல்லும்," என்றார். கிட்டத்தட்ட அழுகிற குரல்.

அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன யோசனைதான் பிறகு என் பிழைப்பாயிற்று. என்னிடம் வந்த ஆலைகள் பதினொன்று. ஆனால் அவற்றைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். அவர் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆக, பதினோரு ஆலைகளுக்கும் சேர்த்துத் தேவைப்படுவது ஒரே ஒரு வேலி.

இதில் மோசடி எங்கே இருக்கிறது என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இன்ஸ்பெக்டர் பார்த்த இடத்திலெல்லாம் வேலி இருந்தது. இல்லாத வேலியை இருப்பதாக அவர் ஒருநாளும் எழுத நேர்ந்ததில்லை.

அந்த வேலியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நெய்யாற்றின்கரையில் ஒரு நல்ல கொல்லரிடம் சொல்லிச் செய்தது. நான்கு மடிப்பு, கனத்த கம்பி வலை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் கால்களில் திருகு. எந்த எஞ்சினுக்கும் பொருந்தும். அதோடு ஒரு மருந்துப்பெட்டி, ஆறு வாளி, ஒரு தொட்டில், ஒரு பலகை. எல்லாம் என் மாட்டுவண்டியில் அடங்கிவிடும். வண்டியோட்டி எலியா. யோசுவாவின் சபையைச் சேர்ந்தவன்தான் அவனும்.

இன்ஸ்பெக்டர் எப்போது வருவார் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் மீன்பிரியர். முசாவரி பங்களாவில் தங்குவதற்கு முந்தின நாள், நல்ல நெய்மீன் வேண்டுமென்று பங்களா சமையல்காரன் பொழியூருக்குச் சொல்லியனுப்புவான். பொழியூரில் சொன்னால் போதும், மாலைக்குள் எனக்குத் தெரிந்துவிடும். கடலில் காற்று மோசமாகி வள்ளம் இறங்காத நாட்களில் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கும்.

பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்காரர்களுக்குத் தெரிந்த பாஷை என்று சட்டம் சுலபமாகச் சொல்லிவிட்டது. இங்கே எல்லோருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். எந்தப் பாஷை தெரியும் என்று ஒப்புக்கொள்வதில்தான் சண்டை. தமிழில் எழுதினால் ஒரு கூட்டம் வந்து உடைத்தது, மலையாளத்தில் எழுதினால் இன்னொரு கூட்டம் வந்து உடைத்தது. நான் ஒரே பலகையில் முன்பக்கம் தமிழும் பின்பக்கம் மலையாளமும் எழுதி மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வருகிறவர்களைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். ஐக்கிய கேரளம் வேண்டியவர்களும் தெற்குத் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டியவர்களும் சுயம்பு முதலாளியைத் தங்கள் ஆள் என்றே நம்பினார்கள். எல்லைக் கமிஷன்காரர்கள் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம், என்னிடம் கேட்டிருக்கலாம்.

தொட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனிக்காக. எங்கள் பேச்சில் அண்டியாபீஸ். தொட்டில் போகும், உள்ளே கிடத்தக் குழந்தையை அந்தந்த ஊரிலேயே பிடித்துக்கொள்வோம். ஒருமுறை கைக்குழந்தை கிடைக்காமல் மேஸ்திரியின் ஐந்து வயது மகளைக் காலை மடக்கிப் படுக்கவைத்தோம். இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, போஷாக்கு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

இப்படி நான்கு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஒரு ஆலையும் மூடப்படவில்லை. இருநூறு பேருக்கு மேல் கஞ்சி குடித்தார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி யோசுவா விஷயம்.

ஐம்பத்து நாலாம் வருஷம், ஆடி மாதம். சென்னையோடு சேர்க்கச் சொல்லும் கிளர்ச்சி உச்சத்தில் இருந்தது. அன்று ஹர்த்தால். முள்ளுவிளைச் சந்தையில் ஊர்வலம் கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். மில் சந்தையிலிருந்து ஒரு மைல் தள்ளி, தோப்புக்குள் இருக்கிறது. முதலாளி முன்கதவைச் சாத்தி ஹர்த்தாலுக்கு மரியாதை செய்தார். பின்கதவைத் திறந்து எஞ்சினை ஓட்டினார். பத்துப் பேர் உள்ளே வேலை செய்தார்கள்.

யோசுவா எஞ்சின் பக்கத்து ஆள். முப்பத்து நாலு வயது, அதிகம் பேசமாட்டான். மழைக்காலத்தில் பெல்ட் ஈரம் குடித்து வழுக்கும். வழுக்கினால் ஓடும்போதே ஒரு குங்கிலியக் கட்டியைக் கையில் பிடித்து அதன்மேல் அழுத்த வேண்டும், அப்போதுதான் பிடிக்கும். எல்லா மில்லிலும் அப்படித்தான் செய்வார்கள். சுற்றி வேலி நின்றால் கை எட்டாது. ஆகவே வேலி இல்லாததைப் பற்றி வேலைக்காரர்கள் ஒருபோதும் குறை சொன்னதில்லை. வேலி வந்து நிற்கும் நாட்களில்தான் முணுமுணுப்பார்கள்.

அன்று வேலி பாலராமபுரத்தில் நின்றது. முந்தின நாளே எலியா அங்கே ஒரு நூல் சுற்றும் பட்டறையில் இறக்கிவிட்டு வந்திருந்தான். இன்ஸ்பெக்டர் அன்று காலை பத்தரை மணிக்கு அந்த வேலியைக் கையால் ஆட்டிப் பார்த்து, உறுதியானது என்று எழுதினார். பிறகு அந்தக் குறிப்பை நானே வாசித்தேன்.

ஏறக்குறைய அதே பத்தரை மணிக்கு இங்கே பெல்ட் யோசுவாவின் இடுப்பு முண்டின் நுனியைப் பிடித்தது. பிறகு அவனையும் பிடித்தது. ஒரு சுற்று கொண்டுபோய்ச் சுவரில் எறிந்தது.

சுயம்பு முதலாளி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அடுத்தபடியாக ஆள் அனுப்பியது என் வீட்டுக்கு. டாக்டர் வீடு இன்னும் பக்கம். இருந்தும் என்னைக் கூப்பிட்டார். ஒரு தொழிலில் இருப்பவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இருக்க முடியாது.

நான் போனபோது யோசுவாவைக் கொப்பரைச் சாக்கின்மேல் கிடத்தியிருந்தார்கள். இடது கை முறிந்திருந்தது. மார்பு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. தலையில் காயம். நினைவு இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: அவனுக்கு நினைவு இல்லை.

"மூச்சு உண்டா வேய்?" என்றார் முதலாளி.

"உண்டு முதலாளி."

"அப்போ காரை எடுக்கட்டா? பெரியாஸ்பத்திரிக்கு அரைமணி நேரமாக்கும்."

அவருடைய கார் வெளியில்தான் நின்றது. நான் அவரை ஒரு ஓரமாக அழைத்துப்போய்ப் பொறுமையாக விளக்கினேன். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி எங்கே அடிபட்டது என்பதுதான். மில் என்று சொன்னால் விபத்து அறிக்கை. அறிக்கை போனால் இன்ஸ்பெக்டர் மீனுக்குச் சொல்லாமல் வருவார், அதுவும் இன்றைக்கே, பாலராமபுரத்திலிருந்து. வந்து பெல்ட்டைப் பார்ப்பார். வேலி எங்கே என்பார். வேலியைக் கொண்டுவந்து நிறுத்தினால் இன்னும் மோசம். காலையில் கையால் ஆட்டிப் பார்த்த வேலியை அவருக்கு அடையாளம் தெரியாதா? பிறகு மற்ற பத்து ஆலைகளிலும் தேடுவார். பதினோரு முதலாளிகள், இருநூறு தொழிலாளிகள், அவர்களுடைய குழந்தைகுட்டிகள். ஒரு மனிதன் நினைவில்லாமல் கிடக்கிறான் என்பதற்காக இவ்வளவு பேரையும் தெருவில் விடுவதா?

முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பின்ன என்ன செய்ய?"

அப்போதுதான் தோப்பு வழியாக நாலைந்து பேர் ஓடினார்கள். சந்தையில் போலீஸ் அடி நடக்கிறது, ரோடெல்லாம் ஆள் கிடக்கிறது என்று கத்திக்கொண்டே போனார்கள். நான் எதையும் திட்டமிடவில்லை. ஆனால் ஒருவன் தலை உடைந்து, கை முறிந்து, மார்பு நசுங்கிக் கிடப்பதற்கு அன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு மில் தேவைப்படவில்லை. தடியடியில் அடிபட்டவர்களை ஏற்ற ஆஸ்பத்திரி லாரி கட்டாயம் சந்தைக்கு வரும். நாம் அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் சர்க்கார் செலவில் சிகிச்சைக்குப் போவான். காரில் கொண்டுபோவதைவிட அதுவே சீக்கிரம் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது என்றுதான் சொல்கிறேன்.

"பாவமாக்கும் வேய்," என்றார் முதலாளி.

"அவனுக்கும் நல்லதுதான் முதலாளி," என்றேன்.

மற்ற ஒன்பது பேரையும் கூட்டி நிறுத்திப் பேசினேன். விபத்து என்று போனால் விசாரணை முடியும்வரை மில் பூட்டிக் கிடக்கும், விசாரணை எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது என்றேன். அது பொய்யல்ல. அவர்கள் யோசுவாவைப் பார்த்தார்கள், பிறகு எஞ்சினைப் பார்த்தார்கள். கருணாகரன் என்ற பழைய ஆள் மட்டும், "சாறே, அவனுக்குக் கொஞ்சம் வெள்ளம் கொடுத்துட்டு ஏத்துங்க," என்றான். தண்ணீர் கொடுத்தோம். நாங்கள் மிருகங்கள் இல்லை.

அவனுடைய சட்டை கொப்பரைத் தூளும் எண்ணெயுமாக இருந்தது. அதைக் கழற்றி முதலாளியின் கதர்ச் சட்டையைப் போட்டுவிட்டேன். கதர்ச் சட்டை முதலாளியிடம் ஊர்வலக்காரர்களைப் பார்க்கப் போகும்போது போடுவதற்கென்று ஒன்று இருந்தது. கைமுறிந்தவனுக்குச் சட்டை மாற்றுவது கடினம். முதுகுப் பக்கம் கிழித்துத்தான் போட வேண்டியிருந்தது. அது பிறகு தடியடியில் கிழிந்ததாகப் பத்திரிகையில் வந்தது.

எலியாவின் வண்டியில் ஏற்றினோம். தோப்பைத் தாண்டியதும் அவன் மாடுகளை நிறுத்தினான். திரும்பிப் பாராமலே பேசினான்.

"சாறே, இவன் எனக்க சபைக்காரனாக்கும். நேரா ஆஸ்பத்திரிக்கு விடட்டா? மாடு ரெண்டும் நல்லா ஓடும்."

"மாடு ஓடும் எலியா. மாடு யாருக்க மாடு, வண்டி யாருக்க வண்டி?" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு நான்கு பிள்ளைகள். அவன் வண்டியைச் சந்தைப் பக்கம் திருப்பினான்.

சந்தைக்குப் போனபோது பன்னிரண்டு மணி. ரோட்டில் செருப்புகள், உடைந்த தட்டிகள், ஒரு கவிழ்ந்த மரச்சீனிக் கிழங்குக் கூடை, இவைதான் கிடந்தன. காயம்பட்டவர்கள் ஒருவரும் இல்லை. லாரி அதற்கு முன்பே வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது யோசுவாவை இறக்கியாகிவிட்டது. மறுபடி ஏற்றினால் யாராவது பார்ப்பார்கள். கீழே கிடந்த ஒரு காகிதக் கொடியை எடுத்து அவன் வலது கைக்குள் வைத்தேன். எலியாவைப் போகச் சொன்னேன்.

நான் போகவில்லை. எதிரில் மூடிக் கிடந்த வெற்றிலைக் கடையின் பலகைக்குப் பின்னால் நின்றேன். நான்கு மணிவரை நின்றேன். இடையில் மழை கூடப் பெய்தது. அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போனேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

நான்கு மணிக்கு ஒரு போலீஸ் வண்டி அவனைக் கண்டு எடுத்துக்கொண்டு போயிற்று. வழியில் இறந்தான். டாக்டர் ஒரே நாளில் நாற்பது பேரைப் பார்த்துக் களைத்திருந்தார். பலத்த அடி என்று எழுதினார். உடம்பில் தேங்காயெண்ணெய் வாசனை அடித்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் எவன் தலையில் தேங்காயெண்ணெய் வாசனை இல்லை?

போலீஸ் அதிகாரி மறுநாளே அறிக்கை விட்டார்: தடியடியில் யாரும் சாகவில்லை, அந்த மனிதனைத் தங்கள் ஆட்கள் தொடவே இல்லை. அந்தக் கிளர்ச்சி முழுவதிலும் அவர் சொன்ன முழு உண்மை அது ஒன்றாகத்தான் இருக்கும். ஊர் கைகொட்டிச் சிரித்தது.

யோசுவாவின் அடக்கம் பெரிய அடக்கம். விளவங்கோட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் மதில்மேல் ஏறி நின்றார்கள். தலைவர்கள் பேசினார்கள், அவன் கடைசி மூச்சுவரை கொடியை விடவில்லை என்று ஒருவர் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. மில்லின் ஒன்பது பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். அவர்கள் அழுத அழுகை உண்மையான அழுகை. சுயம்பு முதலாளி ரோஜா வளையம் வைத்தார். அந்த அரைநாள் மில்லை மூடினோம். தொழிலாளர்களின் விருப்பப்படியான விடுப்பு என்று பதிவு செய்தேன்.

கிருபாபாய் மட்டும் அழவில்லை. அவள் கூட்டத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், "அவரு மில்லுக்குப் போன ஆளாக்கும், ஊர்வலத்துக்குப் போன ஆளு இல்ல," என்று. துக்கத்தில் பேசுகிறாள் என்று பெண்கள் அவள் வாயைப் பொத்தினார்கள்.

அவளுக்குச் சந்தேகம் வந்த காரணம், அவள் அன்று மத்தியானம் வழக்கம்போலத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு மில்லுக்கு வந்திருக்கிறாள். யோசுவா இன்றைக்கு வரவில்லை, லீவு என்று பின்கதவில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொல்ல நான்தான் சொல்லியிருந்தேன். அவள் வீட்டுக்குப் போய்க் கஞ்சியை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள் என்னிடம் வந்தாள். "லீவுன்னு சொன்னீங்களே சாறே, லீவுக்கு எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்டாள்.

எழுதிக் கொடுத்திருந்தான். என் கோப்பில் குறை இருக்காது. 'சொந்தக் காரியமாக இன்று ஒருநாள் விடுப்பு' என்று நான் எழுதி, கீழே யோசுவாவின் கைநாட்டு. எடுத்துக் காட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நான் எதிர்பாராத மாதிரி மெல்லச் சிரித்தாள்.

"இந்தக் கடலாசு ஆரு எழுதினது சாறே? அவரு மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சு வரைக்கும் படிச்சவரு. ஞாயித்துக்கிழமை சபையில வேதம் வாசிக்கது அவராக்கும். எனக்க மாப்பிள ஒருநாளும் பெருவிரல்ல மை தொட்டதில்ல."

இதுதான் நான் செய்த ஒரே பிழை. இந்தத் தொழிலில் வந்த நாள் முதல் எண்ணெய் மில், ஓட்டுச் சூளை ஆட்கள் என்றால் கைநாட்டு என்றே பழகிவிட்டேன். மைப்பெட்டி எப்போதும் பையில் இருக்கும். பதினோரு ஆலைகளிலும் எந்தப் பதிவேட்டிலும் ஒருவனிடமும் பேனாவைக் கொடுத்ததில்லை. இவனுக்கு எழுதத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன்.

அவள் அந்தத் தாளைக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

பிறகு அவள் ஏறாத படி இல்லை. கிளர்ச்சிக்காரர்களிடம் போனாள், ஒரு தியாகியின் மனைவி இப்படிப் பேசலாமா, எதிரிகளுக்கு இடம் கொடுக்கலாமா என்றார்கள். அடுத்த கட்சியிடம் போனாள். அவர்களுக்குக் குஷி, ஆனால் மில் முதலாளி அவர்களுக்கும் நன்கொடை கொடுப்பவர். போலீஸிடம் போனாள், அவர்கள் மட்டும்தான் அவளை நம்பினார்கள், ஆனால் தாங்கள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று கைவிரித்தார்கள். போதகரிடம் போனாள், அவர் ஜெபித்தார். கடைசியில் தனுவச்சபுரத்தில் ஒரு வாத்தியாரைப் பிடித்து உங்கள் இலாகாவுக்கு மனு எழுதவைத்தாள். கல்யாணப் பதிவில் யோசுவா போட்ட கையெழுத்தையும் பார்க்கும்படி அதில் கேட்டிருக்கிறாளாம்.

அதுவும் போதாமல்தான் இருந்திருக்கும். கெடுத்தது எலியா. போன மாதம் சந்தையில் யோசுவாவுக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். கல்லின் செலவு சுயம்பு முதலாளியுடையது. பேரணியில் அவர்தான் தலைமை. கல்லைக் கொண்டுவர என் வண்டியைக் கேட்டார்கள், நானும் கொடுத்தேன். எலியா அதைக் கொண்டுவந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் யோசுவாவை இறக்கிய அதே இடத்தில் இறக்கினானாம். இறக்கிவிட்டு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதானாம். தியாகிக்காக அழுகிறான் என்று ஒருவர் அவனுக்கும் மாலை போட்டிருக்கிறார். அந்த மாலையோடேயே அவன் கிருபாபாய் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எனக்கு அவன்மேல் கோபமில்லை. படிப்பில்லாதவன், பாரம் தாங்கவில்லை.

இதுதான் நடந்தது. யோசுவா மில்லில்தான் அடிபட்டான். வேலி இல்லாத பெல்ட்டில் அடிபட்டான். அவனைத் தெருவில் கொண்டு போட்டது நான். கிருபாபாய்க்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுங்கள். சுயம்பு முதலாளி மறுப்பார். அவருக்கு என் யோசனை இப்போது கிடைக்காது, ஆகவே மோசமாக மறுப்பார்.

நீங்கள் எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டினீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள், அதை நான் பார்த்தேன். கைநாட்டு எப்போது எடுத்தது என்று. நியாயமான கேள்வி. வாக்குமூலமும் ஒரு கோப்புதான், அதில் குறை வைப்பது என் வழக்கம் இல்லை. சொல்கிறேன்.

தோப்பைத் தாண்டி, எலியா மாடுகளை நிறுத்திக் கேட்டானே, அதற்குச் சற்று முன்னால். ஓடுகிற வண்டியிலேயே விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். அவனுடைய வலது கை முறியாத கை. அதைப் பிடித்துத் தூக்கி, பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தினேன். விரலில் இன்னும் குங்கிலியம் ஒட்டியிருந்தது, அதனால் முதலில் சரியாகப் பதியவில்லை. என் வேட்டியால் துடைத்து மறுபடி அழுத்தினேன். அப்போது அவன் கண்ணைத் திறந்தான். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவன் விரலை விடவில்லை. அவன் மிகவும் மரியாதையாக, எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதுபோலச் சொன்னான்:

"ஆஸ்பத்திரிக் கடலாசா சாறே? பேனாவத் தாரும், எனக்கு ஒப்புப் போடத் தெரியும்."